ஆத்தங்குடியும் ஆற்றங்குடியும்: பேச்சுமொழிக் கணினிமை என்னும் கருத்தாக்கத்தின் மீது ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்திய மொழிகளின் பேச்சு வழக்கை அடித்தளமாகக் கொண்டு கணினி வளர்ந்திருந்தால் அது எவ்வாறு அமைந்திருக்கும் என்னும் வினா, தமிழ்க் கணினிமை குறித்த உரையாடல்களில் அவ்வப்போது எழுவதாகும். அவ்வினாவுக்குள் பேச்சுத் தமிழ் ஒன்றே என்னும் எண்ணம் மறைந்து கிடப்பதையும், அவ்வெண்ணம் எழுத்து மரபிலிருந்து பெறப்பட்டதே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. செட்டிநாட்டு ஆத்தங்குடியின் ஊர்ப்பெயரும், கல் வார்க்கும் தொழிலும், நகரத்தார் கணக்கு மரபும் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: பேச்சுத் தமிழ், இரட்டை வழக்கு, தமிழ்க் கணினிமை, இயல்பாக்கம், செட்டிநாடு, ஆத்தங்குடி, எழுத்துப் பெயர்கள்

ஓர் ஊர்ப்பெயரும் ஒரு விதியும்

சிவகங்கை மாவட்டம் காரைக்குடி வட்டாரத்தில் அமைந்த செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று ஆத்தங்குடி. கையால் வார்க்கப்படும் தரைக்கற்கள் இவ்வூர்ப் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றுள்ளன. தமிழ் கற்றவர் ஒருவர் இப்பெயரை முதன்முறை எழுத்தில் காணும்போது ஒரு கணம் தயங்கக்கூடும். காற்று 'காத்து' ஆவதும், நேற்று 'நேத்து' ஆவதும், ஆற்றங்கரை 'ஆத்தங்கரை' ஆவதும் பேச்சுத் தமிழின் பொது இயல்பு. அவ்வழியே பின்னோக்கி நடந்தால் ஆத்தங்குடியும் ஆற்றங்குடியாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் கணக்கிடும். ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையிலும் அஞ்சல் முகவரியிலும் பத்திரப் பதிவிலும் ஊர் ஆத்தங்குடிதான். சேலம் மாவட்டத்து ஆத்தூரும் அவ்வாறே. ஆற்றங்குடி என்று முகவரி எழுதினால் அது இலக்கணப் பிழையாகாது, ஊர்ப் பிழையாகும்.

இத்தயக்கத்தை ஒரு கருவியிடம் ஒப்படைத்தால் என்ன நேரும்? பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்கள் கேட்டதைக் கேட்டவாறே தருவது அரிது. கேட்ட ஒலியைத் தாம் பயின்ற உரைத்தொகுதியின் வடிவங்களோடு பொருத்தி, எழுத்து வழக்குக்கு நெருங்கிய சொல்லைத் தேர்கின்றன. இயல்பாக்கம் எனப்படும் இச்செயலில் தகர இரட்டிப்பை றகர இரட்டிப்பாக மீட்பது எளிய விதிகளுள் ஒன்று. விதி சீராக இயங்கினால் ஆத்தங்குடி வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். மறையாமல் காக்க ஒரு விதிவிலக்கு வேண்டும். இன்றைய நரம்பியல் வலைப்பின்னல் மாதிரிகளில் இத்தகைய விதியை எவரும் வெளிப்படையாக எழுதுவதில்லை; பயிற்சித் தரவில் அது கரைந்து கிடக்கிறது. எழுதிவைத்த விதியோடு வாதிடலாம். கரைந்துவிட்ட விதியோடு வாதிடுவது கடினம்.

கணினி ஆங்கிலத்தையும் தட்டச்சுப் பொறியையும் பெற்றோராகக் கொள்ளாமல் இந்தியப் பேச்சு மொழிகளுக்குள் பிறந்திருந்தால், எழுத்தறியாதவரும் அதனை முதல் நாளிலேயே கையாண்டிருப்பர் என்பது இத்துறையில் அடிக்கடி முன்வைக்கப்படும் வாதம். அதில் உண்மை உண்டு. எனினும் அவ்வாதம் 'பேச்சு' என்னும் சொல்லை ஆராயாமல் கடந்துவிடுகிறது. எந்த ஊர்ப் பேச்சு, எந்தத் தொழிலின் பேச்சு, யாரிடம் யார் பேசுவது என்று கேட்கத் தொடங்கியதும் அதன் உறுதி தளர்கிறது.

ஜீனோவின் தமிழ்

தமிழ்ப் புனைவு இவ்வினாவை முன்பே சந்தித்திருக்கிறது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய் மனிதரோடு தமிழில் பேசுகிறது. இடையில் விசைப்பலகை இல்லை. பொறியாளரான சுஜாதாவுக்கு அன்றைய கணினிகள் எதைச் செய்யும், எதைச் செய்யா என்பது தெரியும். அவ்வாறிருந்தும் எதிர்காலப் பொறியை அவர் பேசும் பொறியாகவே கண்டார் என்பது நோக்கத்தக்கது.

அப்புதினத்தின் எதிர்கால அரசு குடிமக்களின் பெயர்களை இரண்டெழுத்தாகக் குறுக்கிவிடுகிறது. நிலா, சிபி, ரவி, ஜீவா என்பன அவ்வாறு அமைந்த பெயர்கள். இங்கு எழுத்து என்பது உயிர்மெய். வாய்விட்டு ஒருமுறையில் ஒலிக்கும் அலகு. இன்றைய ஒருங்குறி நிலா என்னும் பெயரை நகரம், இகரக் குறி, லகரம், ஆகாரக் குறி என நான்கு குறியீடுகளாகச் சேமிக்கிறது. சுஜாதா படைத்த அரசு கொடுங்கோல் அரசுதான். ஆயினும் எழுத்தெண்ணும்போது அது தமிழில் எண்ணுகிறது.

ஆனால் ஜீனோ பேசுவது எந்தத் தமிழ்? வார இதழ் வாசகருக்குப் பழகிய, ஆங்கிலம் கலந்த நகர்ப்புற நடுத்தர வகுப்பின் தமிழ். கதைக்குள் அதனை எவரும் வினவுவதில்லை, வாசகரும் வினவவில்லை. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த ஒருவரின் பேச்சு ஜீனோவுக்குப் புரிந்திருக்குமா என்பது புதினத்தின் சிக்கலன்று. புனைவில் இது குறையாகாது. அதே ஊகம் ஆய்வகத்துக்குள் நுழையும்போது குறையாகிறது.

விசையின் வழி வந்த எழுத்து

உண்மை வரலாறு வேறு திசையில் சென்றது. அத்திசை பலரும் அறிந்தது என்பதால் இங்குச் சுருக்கமே போதும். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்து வடிவங்களுள் பலவற்றைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அச்சுக்கோப்பும் தட்டச்சும் எளிதாகும் என்பது அச்சீர்திருத்தத்துக்கான வாதங்களுள் ஒன்று. 1991இல் இந்தியத் தர நிறுவனத்தின் இஸ்கி குறியேற்றம் வந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பு, இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் வழித் தமிழ்99 விசைப்பலகை தரமாயிற்று. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாகவும், அனைத்தெழுத்துக் குறியேற்றமான டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது.

இவற்றுள் தமிழ்99 சற்றே நின்று பார்க்கத்தக்கது. அதில் ககரத்தை இருமுறை தட்டினால் முதற் ககரத்தின் மேல் தானாகவே புள்ளி விழும். ஙகரத்தை அடுத்துக் ககரமோ, நகரத்தை அடுத்துத் தகரமோ வந்தாலும் அவ்வாறே. இலக்கண நூலார் மெய்ம்மயக்கம் என்று வகுத்த அறிவு விரல் நுனிக்கு வந்து, தட்டும் விசைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. தமிழின் உள்ளிருந்து எழுந்த வடிவமைப்பு என்று இதனைத் தயக்கமின்றிக் கூறலாம். இத்தரப்படுத்தல்களை வெறும் தட்டச்சுப் பற்று என இன்று எள்ளுவோர், இவை இல்லையேல் எள்ளுவதற்கான வரியையும் தமிழில் எழுதியிருக்க இயலாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எனினும், எந்த எழுத்துக்கு எந்த எண், எந்த எழுத்துக்கு எந்த விசை என்பனவே கால் நூற்றாண்டுக் காலம் விவாதிக்கப்பட்டன. எந்தப் பேச்சு என்னும் வினா அம்மேசைக்கு வரவில்லை.

வராமைக்கு ஒரு காரணம், தமிழ் எழுத்து ஒலிவழி எழுத்து என்னும் நம்பிக்கை. எழுதியவாறே படிக்கலாம் எனின் பேச்சு தனியே எதற்கு? ஆனால் பாவம் என்று எழுதிய சொல் பழியையும் குறிக்கும், நாட்டியத்தின் உணர்வு வெளிப்பாட்டையும் குறிக்கும். இரண்டிலும் முதலெழுத்தின் ஒலி வேறு. எழுத்து காட்டாத இவ்வேறுபாட்டை வாய் காட்டுகிறது. மறுபுறம், எழுத்து காட்டும் 'கொண்டிருக்கிறான்' என்பதைத் தென்மாவட்ட வாய் 'கிட்டு இருக்கான்' என்றும், சென்னை வாய் 'கினு கீறான்' என்றும் சொல்கிறது. சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தை முன்வைத்த பின்னர்த் தமிழ் அதற்குரிய சான்றுமொழிகளுள் ஒன்றாக மொழியியலில் இடம்பெற்றுவிட்டது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துள் பிறப்பியலை வைத்து ஒலி எழும் இடத்தையும் முயற்சியையும் பேசுகிறது. அதன் பாயிரம் உலக வழக்கையும் செய்யுளையும் ஒருசேர முதலாகக் கொள்கிறது. கணினித்தமிழ்க் கட்டுரைகள் பலவற்றின் முன்னுரையில் இச்செய்தி அணியாக வந்து, முன்னுரையோடு நின்றுவிடுகிறது என்பது வருத்தத்துக்குரியது.

திருத்தாமல் சுமந்த கணினி

இந்தியச் சிற்றூர்களுக்குள் கணினி எழுத்தின் வழியே மட்டும் வரவில்லை. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் உருவாக்கிய 128 இணைப்புகள் கொண்ட ஊரக மின்னணு இணைப்பகம், 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. வெப்பத்தையும் தூசியையும் தாங்கி, குளிரூட்டிய அறையின்றி இயங்குமாறு அது வடிவமைக்கப்பட்டிருந்தது. இணைப்பகத்தைக் கணினி என்று எவரும் அழைக்கவில்லை. ஆயினும் அது கணினியே. ஊர்மக்களின் பேச்சை அது சுமந்தது, புரிந்துகொள்ள முயலவில்லை. ஆதலின் எந்த வட்டார வழக்கையும் அது திருத்தவில்லை. இந்தியப் பேச்சு மொழிகளைச் சுற்றி வளர்ந்த கணினிமை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், அதன் தொடக்கத்தை இங்கே தேடுவது பொருந்தும்.

1998 முதல் புதுச்சேரி ஊர்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையங்கள் இவ்வழியில் அடுத்த சான்று. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெறப்பட்ட அலை உயரச் செய்தி ஒலிபெருக்கி வழியே கரைக்கு அறிவிக்கப்பட்டது. திரையில் வந்தது ஆங்கிலம். கரையை அடைந்தது அவ்வூர்த் தமிழ். இடையில் நின்றது ஒரு மனிதக் குரல். தொழில்நுட்பம் நிறைவடையாமையின் அடையாளமாக அக்குரலைக் கருதுவது எளிது. கடலுக்குப் போகலாமா என்னும் வினாவுக்கு விடை கேட்டு நிற்போருக்கு அதுவே முழுமையான இடைமுகம் என்று கருதுவதே சரி.

இந்திய ஐபிஎம் ஆய்வகத்தினர் 2007ஆம் ஆண்டளவில் முன்வைத்த பேச்சு வலை இன்னும் துணிந்த முயற்சி. தொலைபேசி எண்ணே தளமாகவும், குரல்பதிவே பக்கமாகவும், ஒரு குரல்தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுதலே இணைப்பாகவும் அமைந்த, எழுத்தே இல்லாத ஒரு வலை. ஆந்திரச் சிற்றூர் ஒன்றில் அது பயன்பாட்டுக்கு விடப்பட்டது. குஜராத்தில் உழவர்களுக்கான 'அவாஜ் ஒட்டலோ'வும், 2010இல் சத்தீசுகரில் தொடங்கிய 'சிஜிநெட் சுவரா'வும் அதே காலத்தவை. சுவரா கோண்டி போன்ற மொழிகளுக்கும் இடமளித்தது. இங்கு ஒரு முடிவை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். குஜராத் உழவர்களிடையே நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஒப்பாய்வில், வாயால் சொல்லித் தேர்வதைவிடத் தொலைபேசியின் எண் பொத்தானை அழுத்தித் தேர்வதே பயனருக்குச் சிறந்த பயன் தந்தது. கேட்பதற்குக் குரலும், தேர்வதற்கு விரலும் ஏற்றவையாயின. எழுத்தறியாதவருக்குப் பேச்சே இயல்பு, ஆகவே எல்லாம் பேச்சாகட்டும் என்னும் கற்பனைக்கு இது தக்க மறுப்பு.

தமிழைப் பொறுத்தவரை மிக நெருங்கிய சான்று திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியில் கிடைக்கிறது. பெர்க்லி ஆய்வாளர்கள் சுவாமிநாதன் நிறுவனத்துடன் சேர்ந்து அங்கு உழவர்க்கான தமிழ்ப் பேச்சுச் செயலி ஒன்றைச் சோதித்தனர். மடலைன் பிளாசே முதலியோர் எழுதிய கட்டுரை 2006இல் வெளியாயிற்று. அவர்கள் தமிழ் முழுவதையும் அறியும் பொறியைக் கட்ட முனையவில்லை. ஒரு பணிக்கு வேண்டிய சில சொற்களை மட்டும் எடுத்து, அவற்றைப் பேசுவோரின் ஊரிலேயே, பேசும் வேளையிலேயே பதிவுசெய்து, அப்பதிவால் பொறியைப் பழக்கினர். மாவட்டம் மாறினால் பதிவும் மாறும். பெருந்தொகுதிகளை நோக்கி ஓடிய அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இவ்வணுகுமுறை பின்தள்ளப்பட்டது. அதன் வலிமை எங்கே இருந்தது என்பதை ஆத்தங்குடித் தொழிற்களத்தை எண்ணிப் பார்த்தால் உணரலாம்.

கல்லும் டைல்சும்

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவர். அச்சை எடுத்த பின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவையிட்டு மட்டஞ்செய்து, உலரவிட்டு, நீரில் சில நாள் ஊறவைப்பர். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கியிருக்கும். உள்ளூர் மணலின் சிறப்பும் இத்தொழிலோடு சேர்த்துப் பேசப்படுவது. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் பட்டாலையிலும் இக்கற்களைக் காணலாம்.

இதன் பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. பேச்சில் அது 'கல்லு', அல்லது 'டைல்ஸ்'. ஆங்கிலப் பன்மையாகிய டைல்ஸ் தமிழ்ப் பேச்சில் ஒருமை: 'ஒரு டைல்ஸ்', 'ரெண்டு டைல்ஸ்'. கலைச்சொல்லாக்கம் இதற்குத் தரும் சொல் தரையோடு. ஓடு என்று சுருக்கினால் செட்டிநாட்டில் அது கூரைக்குப் போய்விடும். தூய சொல்லைத் தேடும் கருவி வாங்குவோருக்குக் கூரை ஓட்டின் விலையைச் சொல்லக்கூடும். ஆங்கில இலக்கணத்தைத் தேடும் கருவி 'ஒரு டைல்ஸ்' என்பதைப் பிழை எனக் குறிக்கும். இரண்டுமே திருத்தக் கூடாததைத் திருத்துகின்றன.

இத்தகைய களமொன்றில் ஆணை பெற, விலை சொல்ல, அனுப்பும் நாள் கூற எத்தனை சொற்கள் தேவைப்படும்? அளவுகள், நிறங்கள், அச்சின் பெயர்கள், எண்கள், கிழமைகள், சில வினைகள். 'எட்டுக்கு எட்டு', 'பத்துக்குப் பத்து' என அங்குல அளவே கல்லின் பெயராகிவிடும். எண்கள் 'ரெண்டு', 'மூணு', 'அஞ்சு', 'ஒம்போது' என்ற வடிவில்தான் வரும். இரண்டு, மூன்று என்று எவரும் கேட்பதில்லை. செம்பட்டி முறை இங்கு எளிதாகப் பொருந்தும். பேச்சுத் தமிழ் முழுவதும் என்னும் எல்லையற்ற பொருளைவிட, ஒரு தொழிற்களத்தின் பேச்சு என்பது பிடிபடக்கூடிய அலகு. வட்டார வழக்கு அகராதிகளின் பட்டறிவும் இதனையே காட்டுகிறது. கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு அகராதியும் பயன்படுவதற்குக் காரணம், அவை ஒரு நிலத்தோடு நின்றமையே.

ஏடும் வாயும்

செட்டிநாட்டை வாய்மொழி உலகமாக மட்டும் காட்டினால் அது பிழையாகும். பர்மா, இலங்கை, மலேயா வரை கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், எழுத்தில் மிகக் கண்டிப்பானவர்கள். பேரேடும் ஐந்தொகையும் அவர்தம் அன்றாடக் கருவிகள். திருமணத்தையும் இசைகுடிமானம் என்னும் ஆவணமாக எழுதிக்கொள்வது அவர் மரபு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயரும் ஒருவர் கணக்கெழுதக் கற்றே உயர்ந்தார். பேச்சை மையமாகக் கொண்ட கணினி என்பது எழுத்து இல்லாத கணினி என்றால், அதனை முதலில் மறுத்திருப்பவர் செட்டிநாட்டுக் கணக்கராகவே இருப்பார். சொன்ன சொல்லுக்குச் சான்று வேண்டும்; அச்சான்று நாளை வேறொருவர் படிக்கத் தக்கதாய் இருக்கவும் வேண்டும்.

ஆயினும் அவ்வெழுத்து வாயை மறந்த எழுத்தன்று. நகரத்தார் வணிகத்தில் விலாசம் என்றால் முகவரி மட்டுமன்று. முதலாளி, தந்தை, பாட்டன் முதலானோர் பெயர்களின் முதலெழுத்துத் தொடர் அது. கடை அத்தொடராலேயே அறியப்பட்டது. அம்முன்னெழுத்துகள் பலவும் ஓரெழுத்தாய் நில்லா: அழ. வள்ளியப்பா, வ.சுப. மாணிக்கம், இராம. பெரியகருப்பன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அழ. 'ஏ.எல்.' ஆகவும், பழ. 'பி.எல்.' ஆகவும், சுப. 'எஸ்.பி.' ஆகவும் ஈரெழுத்தாய் நிலைத்தன. முன்னெழுத்துக்கு ஒரே கட்டம் ஒதுக்கிய படிவம் இவர்களுள் எவரையும் முழுமையாக ஏற்காது.

இவ்வெழுத்துகளை வாயால் சொல்வதற்குத் திண்ணைப்பள்ளி ஒரு முறை தந்திருந்தது. அகரம் 'ஆனா', ஆகாரம் 'ஆவன்னா'. இகரம் 'ஈனா', ஈகாரம் 'ஈயன்னா'. உயிர்மெய்க்கும் அவ்வாறே 'கானா, காவன்னா, கீனா, கீயன்னா, கூனா, கூவன்னா' என்று வரிசை செல்லும். சு.ப. என்பது 'சூனா பானா'. 'லேனா' என்று சொன்னால் லெகரம். இன்று நகைச்சுவைக் காட்சிகளின் வழியே பலர் இதனை அறிகின்றனர். ஆகவே இதன் நுட்பம் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. குறிலும் நெடிலும் காதில் மயங்கும் என்பதை உணர்ந்து, நெடிலுக்கு 'வன்னா', 'யன்னா' என்று வேறு வால் ஒட்டிய முறை இது. இரைச்சலிடையே எழுத்தைப் பிழையின்றிக் கடத்துவதற்கு வானூர்தித் துறையினர் ஆல்பா, பிராவோ என்று பெயரிட்டதோடு இதனை ஒப்பிடலாம். தமிழ்முறை எந்தச் சொல்லையும் மனப்பாடம் செய்யச் சொல்லாமல், விதியாலேயே பெயரைப் பிறப்பிக்கிறது. ஒருங்குறியும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறது. அப்பெயர் ஆவணத்தில் கிடப்பதற்கு, தொலைபேசியில் சொல்வதற்கன்று.

பேச்சைச் சுற்றித் தமிழ்க் கணினிமை வளர்ந்திருக்கக்கூடிய பாதை இவ்வெழுத்துப் பெயர்களில் ஓரளவு தெரிகிறது. பேச்சை எழுத்தாக்கித் திருத்தும் பாதை அதுவன்று. எழுத்தையும் பேசத்தக்கதாக வைத்துக்கொண்டு, ஐயம் எழும் இடத்தில் மட்டும் எழுத்தெழுத்தாகக் கேட்டுத் தெளியும் பாதை. 'ஆத்தங்குடியா, எந்த ஆத்து?' என்று பொறி வினவினால் 'ஆவன்னா, தானா' எனத் தொடங்கும் விடையொன்று தமிழருக்கு முன்பே உண்டு. பொறியிடம்தான் வினா இல்லை.

புள்ளி என்னும் சொல்லும் இங்குக் குறிக்கத்தக்கது. தமிழ்99இல் தானாக விழுவதும் புள்ளி. நகரத்தார் கோயில் வரிக்கு மணமான குடும்பத்தை எண்ணும் அலகும் புள்ளி. செட்டிநாட்டில் ஒருவர் ஊரில் எத்தனை புள்ளி என்று கேட்டால் அவர் மெய்யெழுத்தைக் கேட்கவில்லை.

தொகுதிகளும் விலக்குகளும்

அண்மைக் காலத் தரவுத் தொகுப்புகள் இச்சிக்கலை உணர்ந்தே நகர்கின்றன. தொடக்கக் காலத் தொகுதிகள் பெரும்பாலும் வாசிப்புக் குரல்களால் ஆனவை: எழுதிய வாக்கியம் ஒன்றைத் திரையில் காட்டி, அதனைப் படிக்கச் சொல்வது. அவ்வாறு படிப்பவர் தம் பேச்சை விட்டுவிட்டு எழுத்துத் தமிழை ஒலிக்கிறார். பொறி கற்பது இரட்டை வழக்கின் ஒரு பாதியை மட்டுமே. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ், 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரிடமிருந்து 7,348 மணி நேரப் பேச்சைத் திரட்டியது. அதில் வாசிப்பு 9 விழுக்காடு மட்டுமே, 74 விழுக்காடு தன்னியல்பாகப் பேசியது, எஞ்சியது உரையாடல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூகுளும் இணைந்து நடத்தும் 'வாணி' திட்டம் படத்தைக் காட்டிப் பேசச் சொல்கிறது. எழுத்து முன்னால் வந்து நிற்பதில்லை. இவை பெரிய மாற்றங்கள். மாவட்டம் என்னும் அலகை ஏற்றுக்கொண்டதே பேச்சுத் தமிழ் ஒன்றன்று என்பதை ஒப்புக்கொண்டதாகும்.

எனினும் குரலைத் திரட்டுவதோடு பணி முடிவதில்லை. திரட்டிய குரலை எழுதிவைக்க வேண்டும். கேட்டவாறு எழுதுவதா, வழக்குக்கு ஏற்ப எழுதுவதா என்னும் முடிவு அங்கே எழுதுநரின் மேசையில் எடுக்கப்படுகிறது. தமிழாய்வுத் துறைகளுக்கு இது அயலார் சிக்கலன்று. நாட்டுப்புறவியல், வட்டார வழக்கு ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பேச்சு அச்சாகும்போது, 'வந்துக்கிட்டு' என்பது 'வந்துகொண்டு' ஆகிவிடுவது எத்துறைக்கும் புதிதன்று. ஆய்வாளர் செய்யும் அத்திருத்தத்தையும் பொறி செய்யும் திருத்தத்தையும் பிறப்பிக்கும் எண்ணம் ஒன்றே: பேசியவர் சொல்ல வந்தது இது, சொல்லத் தெரியவில்லை. தற்காலத் தமிழுக்கான க்ரியா அகராதி 1992இலேயே பேச்சு வழக்குச் சொற்களைப் 'பே.வ.' எனக் குறித்து உள்ளே அமர்த்தியது. திருத்தாமல், குறித்து வைத்தது. பொறிக்குக் கற்பிக்க வேண்டிய முறையும் அதுவே: கேட்ட வடிவத்தை அழிக்காமல் வைத்து, எழுத்து வடிவத்தை அதன் அருகில் சேர்ப்பது. இதற்கு ஆகும் கூடுதல் உழைப்பைக் காரணம் காட்டி இதனைத் தவிர்ப்போர், அவ்வுழைப்பைத் தவிர்த்ததன் விலையைப் பேசியவரே செலுத்துகிறார் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

அந்த விலை எத்தகையது என்பதற்கு ஆத்தங்குடியின் கணக்கே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. பற்று, வரவு என்னும் இரண்டில் பற்று பேச்சில் 'பத்து' ஆகும். எண்ணாகிய பத்தும் அதே ஒலி. தொலைபேசியில் ஒருவர் 'பத்துக்குப் பத்து நூறு கல்லு அனுப்பிருங்க, பத்துல எழுதிக்கங்க' என்று சொல்வதாகக் கொள்வோம். இதில் பத்து மூன்று முறை வருகிறது. தகர இரட்டிப்பை முழுவதும் றகரமாக மீட்கும் கருவி கல்லின் அளவைக் கடனாக்கிவிடும். எதையும் மீட்காத கருவி கடனைப் பத்து ரூபாயாக்கிவிடும். பயிற்சித் தரவில் எது மிகுதியோ அதன் பக்கம் சாயும் கருவி, பத்து என்னும் எண்ணே தமிழில் மிகுதி என்பதால், மூன்றையும் எண்ணாகவே எழுதும். நூறு கல்லுக்கான கடன் ஏட்டில் ஏறாது. மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்கும் கணக்கருக்கு இவற்றுள் எந்த ஐயமும் எழுவதில்லை. முதலிரண்டும் அச்சின் அளவு, மூன்றாவது பேரேட்டின் இடப்பக்கமோ வலப்பக்கமோ என்பது அவருக்குக் கல்லும் ஏடும் ஒருசேரத் தெரிந்திருப்பதால் விளங்குகிறது.